கட்டெறும்பு சொல்லட்டும்

உலகத்திலிருந்து கோபத்தை ஒழித்தவர் முனைவர் குணாளன். இதில் மிகை எதுவும் இல்லை. அவரே சொல்லியிருக்கிறார்.

சொன்ன இடம் மதுரை, ஒலிப்பொறியியல் கழகத்தின் ஆண்டுவிழா மேடை. "நெருப்பைக் கண்டுபிடித்தவன் பெயர் நமக்குத் தெரியாது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் பெயரும் தெரியாது. நல்லவேளையாக, அந்த வரிசையில் மூன்றாவது ஆள் உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறான்" என்றார். அவர் சிரிக்கவில்லை. அரங்கமும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் ஒலிபெருக்கி அதைக் கைதட்டலாக மாற்றியிருக்கும்.

அந்த மூன்றாவது கண்டுபிடிப்பின் பெயர் இனிப்பான். அரிசிமணி அளவுள்ள ஒரு சில்லு. நீங்கள் பேசுவது ஒலிவாங்கிக்குள் நுழைந்ததும் அதைப் பிடித்து, சூட்டை வடித்து, உங்கள் குரலிலேயே நல்ல சொற்களைப் பொருத்தி மறுமுனைக்கு அனுப்பும். சட்டப்படி எல்லாத் தொலைபேசியிலும் அது உண்டு; வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் உண்டு; காவலர்களும் அதிகாரிகளும் கழுத்தில் கட்டிக்கொள்ளும் தொண்டைப்பட்டையிலும் உண்டு. அணைக்கும் வசதி கிடையாது. "அணைக்க முடியுமென்றால் கோபக்காரன் முதலில் அதைத்தான் அணைப்பான்" என்று குணாளன் விளக்கியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு விருது கிடைத்தது.

பலன் கிடைக்காமல் இல்லை. குடும்பநல நீதிமன்றத்தில் பாதிக் கட்டடத்தை நூலகமாக்கிவிட்டார்கள். சம்பந்திகள் தொலைபேசியில் மட்டும் பேசிக்கொண்டு பல்லாண்டு நல்லுறவில் இருந்தார்கள். குளிர்பெட்டிகள்கூட, "தயிர் சற்றே பக்குவம் கடந்திருப்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்றன.

ஒரே ஒரு பக்கவிளைவு. யாரும் எதையும் நம்புவதில்லை.

மருத்துவமனை கூப்பிட்டு, "தங்கள் இதயத்தைத் தாங்கள் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டால் மகிழ்வோம்" என்கிறது. அடுத்து ஜவுளிக்கடை கூப்பிட்டு, "தங்கள் வருகையால் மகிழ்வோம்" என்கிறது. இரண்டும் ஒரே பாகில் ஊறியவை. ஜனங்கள் இரண்டையும் பாதியில் துண்டித்தார்கள். இனிப்பாகப் பேசுகிறவன் எதையோ விற்க வந்திருக்கிறான் என்பது ஒரு தலைமுறைக்குள் ரத்தத்தில் ஏறிவிட்டது.

அப்படிப்பட்ட நாட்டில்தான் கட்டெறும்பு கந்தப்பழம் வளர்ந்தார். வளர்ந்தார் என்பது அடக்கமான சொல். காட்டாமணக்கு மாதிரி மண்டினார்.

இனிப்பான் சட்டத்தில் கலைகளுக்கு விலக்கு உண்டு. ஒப்பாரியை இனிப்பாக்கினால் அது தாலாட்டாகிவிடும் என்று கூத்துக் கலைஞர்கள் போராடி வாங்கிய விலக்கு அது. கந்தப்பழம் நேராகக் கலைபண்பாட்டுத் துறைக்குப் போய், வசை பாடுவது பழந்தமிழ்க் கலை, தான் அதன் கடைசி வாரிசு என்று பதிவு செய்துகொண்டார். கலை என்பதற்கு அத்தாட்சியாக ஒரு கஞ்சிராவை மூன்று தட்டு தட்டுவார். அப்புறம் திட்டுவார். அமைச்சரை, அண்டை மாநிலத்தை, அறிவியலை, சாம்பாரில் வெல்லம் போடுகிறவர்களை. முக்கியமாக, கேட்டுக்கொண்டிருக்கிறவர்களை. காற்றலையில் கலப்படமில்லாமல் ஒலித்த ஒரே மனிதக்குரல் அதுதான். நடுவில் 'கட்டெறும்பு மார்க்' பனங்கற்கண்டும் விற்பார். வாங்காதவர்களையும் திட்டுவார்.

"அந்த ஆள் சொன்னால்தான் ஜனங்கள் வாசல் தாண்டுகிறார்கள்" என்று குணாளன் அதே மேடையில் பரிகாசம் செய்தார். "மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆடுகூடத் தன் மூக்கைத்தான் வெளியே நீட்டுகிறது. நம்மவர்கள் வானொலியைத் திருப்புகிறார்கள். திட்டு வாங்கினால்தான் புத்தி வரும் என்று நம்புகிற பிறவிகளை அறிவியல் காப்பாற்ற முடியாது."

அந்த வாரமே புயல் வந்தது.

தென்மேற்கு வங்கக்கடலில் உருவான அது தூத்துக்குடிக்குத் தெற்கே நண்டுத்துறை என்ற கடலோர ஊரைக் குறிவைத்து நகர்ந்தது. வானிலை மையத்தின் கணிப்பில் சந்தேகத்துக்கு இடமே இல்லை: மறுநாள் விடிவதற்குள் கரையேறும், ஊருக்குள் பனை உயரத்துக்குத் தண்ணீர் வரும். கோபுர ஒலிபெருக்கிகள் காலையிலிருந்து, "பேரன்புமிக்க நண்டுத்துறைப் பெருமக்களே! கடலன்னை தங்கள் இல்லம் நாட விழைவதால், தாங்கள் சற்றே உள்நாட்டில் இளைப்பாறலாம்" என்று அழைத்துக்கொண்டிருந்தன. பேருந்துகள் வரிசையாக வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றன. ஏறியவர்கள் ஒரு மணமகனும் அவன் வீட்டாரும். அவர்களுக்குக் கோவில்பட்டியில் முகூர்த்தம்.

குணாளன் பிறந்த ஊர் நண்டுத்துறை. அவருடைய ஒரே அக்கா பொன்ராணி அங்கேதான், கடலைப் பார்த்த வீட்டில், கருவாட்டுக் கொட்டகை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அவரைப் படிக்கவைத்தது அந்தக் கருவாடு.

கூப்பிட்டார். அக்கா எடுத்ததும், "எக்கா, உடனே பஸ்ல ஏறு! கொட்டகையும் வேண்டாம், மயிரும் வேண்டாம்! செத்துப் போவே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

மறுமுனையில் பொன்ராணியின் காதில் விழுந்தது: "அன்புத் தமக்கையே, நலமா? தங்களுக்கு ஓய்வு வாய்க்கும்போது பேருந்துப் பயணம் மேற்கொள்வது சிறப்பு. கூந்தலைப் பற்றிய கவலை வேண்டாம்."

பதில் வந்தது. மீன் ஏலத்தில் நாற்பது ஆண்டுக்காலம் பழுத்த அதே கரகரத்த குரலில், "அருமைத் தம்பி, தங்கள் அக்கறைக்கு நன்றி. திருவாளர் கட்டெறும்பு அவர்கள் புயல் வராது என அருளியிருப்பதால், அடியேன் இல்லத்திலேயே இருக்க விழைகிறேன்."

குணாளன் தொலைபேசியை வெறித்துப் பார்த்தார். அக்கா உண்மையில் என்ன சொல்லியிருப்பாள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தான் உண்மையில் என்ன சொன்னோம் என்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. மறுபடி கூப்பிட்டு அழுதார். அது வாழ்த்துப்பாவாகப் போய்ச் சேர்ந்தது.

தானோடி வண்டியைப் பிடித்து நண்டுத்துறைக்கு விடச் சொன்னார். விருதுநகர் தாண்டியதும் வண்டி ஓரமாக நின்றது. "தங்கள் உயிர் எங்களுக்கு விலைமதிப்பற்றது, ஐயா. கடலோரம் செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது" என்று சொல்லி, அவர் கதவை உதைத்ததையும் பொருட்படுத்தாமல், மதுரைக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. எச்சரிக்கையை ஒரு வார்த்தை விடாமல் கேட்டு நடந்தவை வண்டிகள் மட்டும்தான்.

ஆக, மதியம் மூன்று மணிக்கு, கோபத்தை ஒழித்தவர் கட்டெறும்பு நிலையத்தின் படியேறினார்.

கந்தப்பழம் லுங்கியோடு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார். குணாளனை அடையாளம் தெரிந்தது. எழுந்து நாற்காலியைத் தூசி தட்டிப் போட்டார்.

"வாங்க சார். நீங்க இல்லைன்னா நான் இன்னும் பழங்காநத்தத்துல பழைய டயர் வித்துக்கிட்டு இருப்பேன். முறுக்கு எடுத்துக்கங்க."

குணாளன் முறுக்கு எடுக்கவில்லை. செயற்கைக்கோள் படங்களை மேசையில் விரித்தார். காற்றின் வேகம், கடல்மட்டம், கரையேறும் நேரம் எல்லாவற்றையும் விளக்கினார். பேச்சு அவருடைய தொழில். இனிப்பான் நடுவில் இல்லாவிட்டாலும் இனிப்பாகவே பேசப் பழகியிருந்தார். "தாங்கள் பெருந்தன்மையோடு தங்கள் கருத்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று பணிவன்புடன்…"

கந்தப்பழம் ஒரு முறுக்கை முழுசாக முடித்துவிட்டுக் கேட்டார். "எவ்வளவு கொடுத்தாய்ங்க?"

"யார்?"

"இந்தப் படத்தைக் கொடுத்து அனுப்புனவய்ங்க. பஸ் கம்பெனியா, குடைக்காரனா? தப்பா எடுத்துக்காதீங்க சார். இவ்வளவு மரியாதையா பேசுறவன் சும்மா வந்ததா சரித்திரமே இல்லை."

"நான் அறிவியலாளன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"புயல் வராது என்று எந்த ஆதாரத்தில் சொன்னீர்கள்?"

"ஆதாரமா? போன வாரம் ஒரு வெயில் அடிச்சுச்சு பாருங்க. அடுத்து உப்புமாவைப் பத்திப் பேச வேண்டியிருந்துச்சு, அதனால சட்டுன்னு முடிச்சேன்." கந்தப்பழம் இதை ஒளிக்கவே இல்லை. "எனக்கு வானிலையைப் பத்தி என்ன சார் தெரியும்?"

"அப்படியானால் தெரிந்தவன் சொல்வதைக் கேளுங்கள்! தயவுசெய்து…"

"பாத்தீங்களா, 'தயவுசெய்து'ன்னுட்டீங்க. நம்ப மாட்டேங்குது சார் மனசு. நானும் உங்க சில்லு காலத்துலதானே வளர்ந்தேன்?"

குணாளனின் கண்முன்னால் அக்கா கொட்டகையில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். திட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் திட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. எங்கே பிடித்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"நீங்கள் ஒரு… ஒரு… விவேகக் குறைவுள்ளவர்!"

"சரி சார்" என்றார் கந்தப்பழம் மரியாதையாக.

"பொறுப்பில்லாத… பகுத்தறிவுக்குப் புறம்பான…"

"தண்ணி குடிக்கிறீங்களா?"

அந்த இடத்தில் எங்கோ ஒரு மூடி தெறித்தது. இரண்டு பட்டங்களுக்கும் பன்னிரண்டு விருதுகளுக்கும் அடியில் கிடந்த நண்டுத்துறைக்காரன் எழுந்து வந்தான்.

"ஏலே கூறுகெட்ட மூதி! எங்க அக்கா அங்க கிடக்காலே! உன் பேச்சைக் கேட்டுக்கிட்டுக் கடலுக்கு முன்னால உக்காந்திருக்காலே! நாளைக்கு அவ பொணத்தை நீ வந்து பொறுக்குவியாலே? முறுக்கு திங்கியா, முறுக்கு? தட்டைத் தூக்கித் தலையில கவுத்தேன்னா…" அதற்கப்புறம் வந்தவை நண்டுத்துறை ஏலக்கூடத்தில்கூட மழைக்காலத்தில் மட்டும் புழங்குபவை.

கந்தப்பழம் முறுக்குத் தட்டைக் கீழே வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தான்யா ஒரு மனுசன் பேசுறான்" என்றார். "என்னை இப்படி ஒருத்தன் திட்டி எத்தனை வருசமாச்சு! நெசமாவே புயல் வருதாய்யா?"

"வருதுலே!"

"அப்ப வாய்யா, ஊரைக் காலி பண்ணுவோம். அக்கா பேரு என்ன, என்ன தொழில், எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வா."

ஒலிபரப்பு அறைக்குள் நுழையும்போது குணாளனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கோபம் இறங்கியதும் மொழியும் பழையபடி இறங்கிவிட்டிருந்தது. "நேற்று வராது என்று சொல்லிவிட்டு இன்று வரும் என்று சொன்னால், உங்கள் மீதுள்ள நம்பிக்கை போய்விடாதா? மன்னிப்புக் கேட்டுவிட்டு, படிப்படியாக…"

கந்தப்பழம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மன்னிப்பா? சார், மன்னிப்புக் கேட்டா ஒருத்தன் நகர மாட்டான். பேசாம அந்த மூலையில நில்லுங்க."

கஞ்சிரா மூன்று முறை ஒலித்தது.

"அடேய் நண்டுத்துறைக்காரய்ங்களா! இன்னுமாடா வீட்டுல இருக்கீங்க? புயல் வராதுன்னு எந்த மடப்பய சொன்னான்? நான் சொன்னேன்! நான் யாரு? வானத்தை அளந்தவனா? மதுரையில உக்காந்து முறுக்கு திங்கிறவன்! கடல் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத ஒருத்தன் சொன்னானாம், கடலுக்குள்ளயே பொறந்தவன் கேட்டானாம்! உனக்கெல்லாம் மூளை இருக்கா, இல்ல அதையும் உப்புப் போட்டுக் காய வச்சுட்டியா? கொட்டகைக்குள்ள நெத்திலியைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிற பொன்ராணி அம்மா, உன்னையத்தான்! நெத்திலிக்குக் கடல் புதுசா? உனக்குத்தான் நீச்சல் தெரியாது! ஒரு மணி நேரத்துல பஸ் எல்லாம் நிறையணும். எவனாவது வீட்டுல இருந்தான்னு தெரிஞ்சுச்சு, புயல் முடிஞ்சு நானே வந்து திட்டுவேன். எந்திரிங்கடா!"

மூலையில் நின்ற குணாளன் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். முடிந்தது, இந்த ஆளை இனி நாய்கூட மதிக்காது என்று நினைத்தார்.

நண்டுத்துறைத் தெருக்களில் அப்போது கதவுகள் திறந்துகொண்டிருந்தன. நிலையத்துச் சுவரில் இருந்த திரையில், 'ஊர் நிலவரம்' என்ற நேரலையில் குணாளன் அதைப் பார்த்தார். பாய், பெட்டி, கோழி, ஒரு தையல் இயந்திரம் எல்லாம் பேருந்துகளில் ஏறின. யாரும் அவசரப்படுத்தாமலே ஓடினார்கள். கிழவர் ஒருவர் படக்கருவியைப் பார்த்து நின்று சொன்னது இனிப்பானில் இனித்து வந்தது: "தன்னைத்தானே இகழ்ந்துகொள்ளும் துணிவு வேறு யாருக்கு வரும்? இதனால்தான் ஐயா அவர்களை நாங்கள் நம்புகிறோம்."

குணாளன் அதை இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்டார். நேற்று பொய் சொன்னவனை, நேற்று சொன்னது பொய் என்று இன்று ஒத்துக்கொண்டதற்காக, நேற்றைவிட அதிகமாக நம்புகிறார்கள். இதற்கு அவரிடம் சமன்பாடு எதுவும் இல்லை.

கடைசிப் பேருந்தில் கடைசியாக ஏறியவள் பொன்ராணி. தலையில் ஒரு நெத்திலிச் சாக்கு. குணாளன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கந்தப்பழம் முறுக்கை நீட்டினார். இந்த முறை எடுத்துக்கொண்டார்.

புயல் சொன்ன நேரத்துக்கு வந்தது. கொட்டகையை, வீட்டை, கோபுர ஒலிபெருக்கிகளை எல்லாம் கொண்டுபோனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஊரே கோவில்பட்டியில் ஒரு கல்லூரி அரங்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

காலையில் குணாளன் அங்கே போய்ச் சேர்ந்தார். பொன்ராணி இட்லி அவித்தவரின் அருகே நின்று, ஏன் கல்லாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்தாள்.

"வாலே. நேத்து போன் பண்ணி என்னமோ கல்யாணப் பத்திரிகை வாசிச்ச மாதிரி பேசுனியே, என்ன சொன்ன?"

"உன்னைய பஸ்ல ஏறச் சொன்னேங்கா."

"அப்படியா? எனக்கு என்னமோ நீ தலைக்கு எண்ணெய் விக்கப் போயிட்டேன்னு பட்டுச்சு."

"கட்டெறும்பைப் பேச வச்சதே நான்தான். நேர்ல போயி, திட்டி…"

"நீ? திட்டினே?" பொன்ராணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, எதற்கென்று தெரியாமல் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருடைய தலையைப் பிடித்து உலுக்கினாள். "சாப்பிட்டியாலே?"

அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

அரங்கத்தின் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்சியர் அலுவலகம் நேற்றைய வெற்றியைப் படித்துப் பார்த்து, இனி அரசு அறிவிப்புகளிலும் கொஞ்சம் வசை சேர்ப்பது என்று முடிவெடுத்திருந்தது. இனிப்பானை அணைக்க முடியாததால் அது இப்படி வந்தது: "மதிப்பிற்குரிய மடையர்களே! பேரன்புமிக்க அறிவிலிகளே! புயல் கடந்துவிட்டது. தாங்கள் இல்லம் திரும்பலாம்."

அரங்கம் ஒருமுறை கொல்லென்று சிரித்து, மறுபடி பாயில் சாய்ந்தது.

"யாரோ எழுதிக் குடுத்து வாசிக்கான்" என்றாள் பொன்ராணி. "இதுல யாருக்கும் எம்மேல கோவமே இல்லை பாரு."

"எக்கா, புயல் நெசமாவே போயிருச்சு. நான் பாத்துட்டேன். கிளம்பு, வீடு இருந்த இடத்தையாவது பாப்போம்."

"கட்டெறும்பு சொல்லட்டும்."

"அவனுக்கு என்ன தெரியும்? அவனுக்கு நேத்து சொன்னதே நான்!"

"சரிலே, நீ போ. நான் வாரேன், அவன் சொன்னதும்."

குணாளன் பையை எடுத்துக்கொண்டு, யாரும் பார்க்கட்டும் என்பது போல விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். வெளியே வெயில். வானம் கழுவித் துடைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. தெற்கே மட்டும் ஒரு மேகம், ஆட்டுக்குட்டி அளவு. அவர் மணிக்கட்டுத் திரையைத் தட்டினார்.

"வானம் முற்றிலும் தெளிவாக உள்ளது, ஐயா. தாங்கள் அச்சமின்றிப் புறப்படலாம்" என்றது அது. பல குரல்களில் தேடி, அவரே தேர்ந்தெடுத்த குரல்.

ரொம்ப இனிமையாக இருந்தது. அவர் மறுபடி அந்த மேகத்தைப் பார்த்தார். ஒரு காலை வெளியே வைத்தார். எடுத்தார்.

அரங்கத்துக்குள் திரும்பி வந்தார். பொன்ராணி பாயில் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். அவள் மடியில் வானொலி இருந்தது. குணாளன் பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். எதிரே சுவரைப் பார்த்தபடி, உதடு அதிகம் அசையாமல் கேட்டார்:

"எத்தனை மணிக்குப் பேசுவான்?"